லாபம், ரெண்டு, மூணு

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தண்டவாளத்தை ஒட்டியிருந்த அரிசி மில்லில் வைகாசி வந்துவிட்டால் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. நவரை நெல் அறுப்பு முடிந்து, சுற்று வட்டாரத்து மாட்டு வண்டிகளெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். முதலாளி துளசிராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்கும் கொட்டகைக்குமாக நடப்பார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் சகுனம் என்று ஒன்று வந்துவிட்டால் எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சாராளுக்குக் களத்தில் வேலை. இரவில் அவித்த நெல்லை விடிந்ததும் சிமெண்டுத் தரையில் பரப்பிவிட்டு, வெயில் ஏற ஏற அதற்குள் காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டும். போகிற வழியெல்லாம் நெல்லில் வரி விழும். அடி நெல் மேலே வரும். மேல் நெல் அடியில் போகும். உச்சி வெயிலில் அந்தத் தரை சுடுகிற சூட்டுக்குப் புது ஆள் யாரும் ஒரு நடைக்கு மேல் தாங்க மாட்டார்கள். சாராளுக்குக் காலும் பழகிவிட்டது, அந்த நடையும் பிடித்துவிட்டது. தோழி குப்பம்மாள் பக்கத்து வரியில் நடப்பாள். நடந்துகொண்டே ஊர்க்கதை அத்தனையும் பேசி முடித்துவிடலாம். இப்படி ஒரு சௌகரியம் வேறு எந்த வேலையில் கிடைக்கும்?

சாராளின் புருஷன் தாவீது அதே மில்லில் அளவுக்காரன். இருவரைப் பெற்றவர்களும் ஆரம்பாக்கத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர்கள் அடுத்தவர் நெல்லைக் காயவைத்தார்கள், அளந்தார்கள். நெல் சொந்தமாகவில்லை, நிழல் மட்டும் கொஞ்சம், அதுவும் தாவீதுக்கு, கூடியிருந்தது.

நெல் அளப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. குவியலுக்கு முன்னால் குந்திக்கொண்டு மரக்காலை நெல்லுக்குள் விட்டுத் தூக்கி, கையால் தலை தட்டி, சாக்குக்குள் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்கும்போது எண்ணை நீட்டிச் சொல்ல வேண்டும். அடுத்த மரக்கால் நிரம்புகிறவரைக்கும் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நெல் அளக்கிற எவனும் முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டான். 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பான். அப்புறம் ரெண்டு, மூணு. துளசிராமன் மில்லில் கூடுதலாக இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அங்கே ஏழு என்று சொல்லக்கூடாது. அவர் வீட்டுப் பேச்சில் ஏழுக்கு உள்ள சொல்லும் 'அழு' என்பதற்கு உள்ள சொல்லும் ஒன்றே. நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு யாராவது அழச் சொல்வார்களா? அதனால் ஆறுக்குப் பிறகு 'ஆறும் ஒண்ணும்', அதற்குப் பிறகு எட்டு. தாவீது மீசை முளைத்த நாளிலிருந்து இப்படித்தான் அளக்கிறான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வான்.

இவர்களுக்கு ஒரே பெண், விக்டோரியா. பாதிரியார் வைத்த பெயர். அதை முழுசாகச் சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் பொறுமை இல்லாததால் டோரியா ஆகிவிட்டாள். நாலு வயசு. அம்மா களத்தில் நடக்கும்போது வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருஷம் ஒரு மத்தியானம் பழவேற்காட்டுப் பக்கமிருந்து திடீரென்று மேகம் ஏறிவிட்டது.

"மானம் இருட்டுதுடி, வாரிக் கட்டுங்கடி" என்று குப்பம்மாள் குரல் கொடுத்ததும் பெண்கள் எல்லாரும் பலகையும் துடைப்பமுமாக ஓடினார்கள். அவித்த நெல் நனைந்தால் நாறிவிடும். இழுத்துக் குவித்து, தார்ப்பாய் மூடி, அதன் ஓரத்தில் கல் வைத்து முடிப்பதற்குள் பெரிய தூறலாக விழ ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் சாராள் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தாள். சாக்கு மட்டும் இருந்தது.

டோரியா நெல் ஊறவைக்கிற தொட்டியின் விளிம்பில் இருந்தாள். பெரிய ஆளே முங்கிப்போகிற தொட்டி அது. அதன்மேல் குந்திக்கொண்டு ஒவ்வொரு நெல்லாகத் தண்ணீரில் போட்டு, அது என்ன ஆகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து ஓடிவந்த துளசிராமன்தான் அவளை ஒரு கையைப் பிடித்துத் தூக்கி இறக்கினார். அவருக்கு வாய் குழறிவிட்டது. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.

"சாரா, இத்தோட சரி. இனிமே எந்தப் புள்ளையும் களத்துல இருக்கக்கூடாது. நெல்லு போனா போவுது. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இங்க மில்லு நடத்துவேன்?"

சாராள் பெண்ணை இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் குப்பம்மாள் கேட்டாள்.

"இன்னாடி பண்ணப் போறே?"

"இன்னா பண்றது அக்கா. இத்த ஊட்ல வெச்சிக்கினு நானும் ஊட்லயே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

"நீ குந்திக்கினா உன் எடத்துக்கு நாளைக்கே ஒருத்தி வந்து நிப்பா. அப்பறம் எப்பக் கேட்டாலும் கெடைக்காது."

"எனக்கு அது தெரியாதா?" என்றாள் சாராள். "தெருவுல பெரிய பொம்பளன்னு ஒருத்தியாவது பகல்ல ஊட்ல கீறாளா, நம்பி உட்டுட்டு வர? அல்லாரும் களத்துல, இல்லாட்டி வயல்ல."

"உங்க சர்ச்சு பக்கத்து ரூம்புல சின்னப் புள்ளைங்களுக்குன்னு கிளாசு வெக்கப் போறாங்களாமே. அந்தக் கண்ணாடி போட்ட டீச்சரு. அங்க கேட்டுப் பாரேன். அதுவரைக்கும் என் தங்கச்சி மவள உன் எடத்துல நிக்கச் சொல்றேன். ஆனி பொறந்ததும் நீ வந்துடணும், ஆமா. அதுக்கு மேல அவ எடத்த உடமாட்டா. அவளப் பத்தி எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாராள் கிரேஸ் டீச்சரைப் பிடித்தாள். திருவள்ளூரில் படித்துவிட்டு வந்த சின்னப் பெண். பேசும்போது எதிரில் இருப்பவர் குழந்தையானாலும் குனிந்து முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள்.

"எடம் கொஞ்சந்தாங்க இருக்கு அக்கா. கேக்கறவங்க நெறைய. தொட்டில் ஆட்டற எடமா ஆயிடக்கூடாதுன்னு சபையில கண்டிப்பா சொல்லியிருக்காங்க. புள்ள பேர் சொல்லணும். தானே சாப்பிடணும். வெளிய போகணும்னா கேக்கத் தெரியணும். நாலு நெறம் தெரியணும். பத்து வரைக்கும் எண்ணத் தெரியணும். கத்துக்குடுத்துக் கூட்டிட்டு வாங்க."

"எங்க ஊட்ல சிலேட்டு, பல்பம் எதுவும் இல்லியே டீச்சரம்மா. எங்க ரெண்டு பேருக்கும் படிப்பும் கெடையாது."

"சிலேட்டு வேணாம். ஊட்ல இருக்கறத வெச்சே வெளையாடுங்க. நீங்க வேலை செய்யறப்ப அவளப் பக்கத்துல வெச்சிக்கிட்டு, என்ன செய்யறீங்கன்னு பேசிக்கிட்டே செய்யுங்க. அது போதும்."

தாவீதுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"பேசறதுதான் படிப்புன்னா நீயும் குப்பம்மாளும் இந்நேரம் கலெக்டர் ஆயிருக்கணுமே."

"கிண்டல் பண்ணாத. எடம் போச்சுன்னா உனக்கின்னா, எனக்குத்தான."

அவள் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அன்று முதல் அந்த வீட்டில் எந்த வேலையும் சீக்கிரம் முடியவில்லை. தண்ணீர் எடுத்து வைத்தால் டோரியாவிடம் ஒரு சொம்பும் ஒரு டம்ளரும் வரும். கீழே சிந்தாமல் இதிலிருந்து அதற்கு ஊற்ற வேண்டும். முதல் நாள் தரை முழுக்கச் சேறு. நாலைந்து நாளில் நாக்கைக் கடித்துக்கொண்டு விளிம்புவரை ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். பழவேற்காட்டிலிருந்து கூடைக்காரி கொண்டுவருகிற காய்ந்த எறாவைத் தரையில் கொட்டி, பெரிசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னாள் சாராள். குழந்தை பிரித்தது. பெரிசாகப் பார்த்து ரெண்டை வாயிலும் போட்டுக்கொண்டது. துவைத்த லுங்கியை மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பது ஒரு பாடம். தாவீதின் சட்டைக்குப் பித்தான் போடுவது இன்னொரு பாடம். அவனை மில்லுக்குக் கிளம்பவிடாமல் மடியில் ஏறி நின்று, ஓட்டை மாறி மாறிப் போட்டுவிடுவாள்; அவன் அப்படியே கோணலாக மில்லுக்குப் போவான்.

நிறத்துக்கு ரயில்வே கேட்டுச் சிக்னல் விளக்கு இருந்தது. சாயங்காலம் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்பான்.

"அது இன்னா கலரு?"

"செவப்பு."

"செவப்புன்னா?"

"வண்டி நிக்கும்."

"இப்ப?"

"பச்ச. ஓடும். நைனா, வண்டி இன்னா கலரு?"

"கறுப்பு."

"பொகை?"

தாவீது யோசித்தான். "அது இன்னா, கறுப்புதான். இல்ல, வெள்ள. அம்மாவக் கேளு."

சாராள் கூழ் துழாவிக்கொண்டே பேசினாள். மாவைக் கரைக்கிறேன், இப்போ கட்டி தட்டுது பாரு, இப்போ கொதிக்குது, இது சூடு, அது ஆறினது. வீட்டுக்குள் பேசிக்கொண்டே வேலை செய்வது முதலில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிறகு அதுவும் களத்தில் நடப்பதுபோலத்தான் என்று தோன்றிவிட்டது. குப்பம்மாள் இருந்த இடத்தில் டோரியா இருந்தாள், அவ்வளவுதான். பெண் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, இவ்வளவு நாள் இவளை மரத்தடியில் சும்மா உட்கார வைத்துவிட்டோமே என்று வருத்தமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான் அதிகம்.

எண்ணிக்கையை மட்டும் தாவீது விட்டுக்கொடுக்கவில்லை.

"அது என் டிபார்ட்டுமெண்டு. நாள் பூரா எண்றவன் நானு. நீ கூழு கிண்டு."

சவுக்குத் தோப்பில் உதிர்ந்த காய்களை மடி நிறையப் பொறுக்கி வந்து தரையில் குவித்தான். ஒரு கொட்டாங்கச்சியை மரக்கால் ஆக்கினான். மகளை எதிரில் குந்தவைத்து, மில்லில் சொல்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தான். பாட்டு என்றால் குழந்தைக்குக் கேட்கவா வேண்டும். ஒரு வாரத்துக்குள் பத்து வரைக்கும் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது. ஒவ்வொரு காயாக எடுத்து வைத்து, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சாராள் அடுப்படியிலிருந்து கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் காதுக்கும் அதில் ஒரு குறையும் படவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து மில்லில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவள்தானே. எண்ணுவது என்றாலே அவர்களுக்கு அதுதான்.

நாலு வயசுப் பெண்ணுக்கு 'ஒண்ணு' என்ற வார்த்தையே தெரியாமல் இருக்குமா என்று கேட்கலாம். வீட்டில் யார் அதை எண்ணாகச் சொன்னார்கள்? ஒரு வாய் சாப்பிடு, ஒரு தபா சொன்னா கேளு என்பார்கள். மிட்டாய் கேட்டால் 'ஒண்ணும் இல்ல, போ' என்பார்கள். மற்றபடி 'ஒண்ணுக்கு வருதா' என்று கேட்பார்கள். இவற்றிலிருந்து ஒரு குழந்தை எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, சாராள் கிரேஸ் டீச்சரிடம் அழைத்துப்போனாள். வேறு சில தாய்மாரும் வந்து காத்திருந்தார்கள். டோரியா பேரை முழுசாக 'விக்டோரியா' என்று சொன்னாள். டீச்சர் புடவையின் நிறம் சொன்னாள். கேட்காமலே எதிரிலிருந்த கைக்குட்டையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தும் வைத்தாள். டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒரு தட்டு நிறையக் கிளிஞ்சலை நகர்த்தி வைத்தாள்.

"விக்டோரியா, இதுல எனக்கு மூணு குடு."

பெண் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு மூன்று எடுத்து டீச்சர் கையில் வைத்தாள்.

"அஞ்சு குடு."

ஐந்து வைத்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. இப்ப ஒண்ணு குடு."

டோரியா தட்டைப் பார்த்தாள். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே எடுத்து வைத்தாள், வைத்தாள், வைத்துக்கொண்டே போனாள். டீச்சர் கையில் ஏழு கிளிஞ்சல் ஆனதும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு கேட்டேன் கண்ணு. ஒண்ணே ஒண்ணு."

பெண் குனிந்து டீச்சர் கையில் இருந்ததைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"சரி, ஏழு குடு."

அப்படி ஒரு எண்ணை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவைப் பார்த்தாள். பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி, "ஒண்ணு கேட்டா ஒரு கை குடுக்குது, நல்ல தாராள மனசு" என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். டோரியாவின் வாய் கோணிக்கொண்டு வந்தது. அதன் பிறகு பேரைக் கேட்டாலும் சொல்லவில்லை.

கிரேஸ் டீச்சர் சாராளைத் தனியே அழைத்துப் போனாள். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு அக்கா. ஒண்ணுதான் வரல. ஒண்ணே தெரியாம அஞ்சு எப்படித் தெரியுதுன்னு எனக்குப் புரியல. ஒரே ஒரு எடம் மீதி இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

சாராள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தாள். வந்ததும் புருஷன்மேல் பாய்ந்தாள்.

"உன் டிபார்ட்டுமெண்டு நல்லா கீது. ஒண்ணு தெரியலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அத்தினி பேரு எதுர்ல மானம் போச்சு."

"அது எப்டி? டோரியா, எண்ணு பாக்கலாம்."

டோரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எண்ணினாள். லாபத்தில் ஆரம்பித்துப் பத்துவரைக்கும் போய் நின்றாள். பெற்றவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரியாத்தான சொல்றா?" என்றான் தாவீது.

"சரியாத்தான் சொல்றா" என்றாள் சாராள். "அப்ப அங்க போயி ஏன் பயந்துக்கினா?"

மறுநாள் மத்தியானம் தாவீதுக்குக் கூழும் எறாத் தொக்கும் எடுத்துக்கொண்டு சாராள் மில்லுக்குப் போனாள். பெண்ணை உள்ளே விடக்கூடாது என்பதால் இருவரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். உள்ளே அளவு நடந்துகொண்டிருந்தது. தாவீதின் குரல் கணீரென்று வந்தது. லாபம், லாபம், லாபம். டோரியா அம்மா கையை விட்டுவிட்டு, கீழே கிடந்த சரளைக் கல்லில் ஒன்றைத் தனியே வைத்தாள். ரெண்டு, ரெண்டு. இன்னொரு கல். குரல் போகப் போகக் கல்லும் சேர்ந்தது. ஆறும் ஒண்ணும், ஆறும் ஒண்ணும் என்று வந்தபோது அடுத்த கல்லை ஓங்கி வைத்து, "ஒண்ணு" என்று அம்மாவிடம் காட்டினாள். நேற்று சொன்னது இதுதான், நீங்கள்தான் நம்பவில்லை என்கிற மாதிரி முகம்.

சாராள் கீழே கிடந்த ஏழு கல்லையும் பார்த்தாள். சட்டி கையிலிருந்து நழுவப் பார்த்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு உள்ளே வைத்து, அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"யோவ், நீ ஒண்ணுன்னே சொல்ல மாட்டியா?"

எட்டாவது மரக்காலில் இருந்த தாவீது திரும்பிப் பார்த்தான். கணக்குத் தப்பிவிட்டது. அந்த மூட்டையைக் கொட்டி அவன் மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று.

சொல்லிக்கொடுப்பதைவிடச் சொல்லிக்கொடுத்ததை மாற்றுவதுதான் பெரிய பேஜாராகிவிட்டது. அன்று சாயங்காலம் சவுக்குக் காயை வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தார்கள்.

"இது எத்தினி?" என்று தாவீது ஒரு காயைக் காட்டினான்.

"லாபம்."

"லாபம் இல்ல கண்ணு. ஒண்ணு."

"ஒண்ணு அங்க கீது." ஏழாவது காயைக் காட்டினாள்.

"அது ஏழு."

"ஏழுன்னா இன்னா?"

தாவீது பிடரியைச் சொறிந்தான். "ஏழுன்னா, மொதலாளிக்குப் புடிக்காதது."

"அப்ப லாபம் எங்க போச்சு?"

தாவீது தானும் ஒரு காயைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். சாராள்தான் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"லாபம் நைனா கூட மில்லுக்கு வேலைக்குப் போயிருக்குது. அது போன எடத்துல ஒண்ணு வந்து குந்திக்கினு கீது. இப்ப அம்மா எடத்துல குப்பம்மா பெரியம்மா தங்கச்சி மவ நிக்கிறா இல்ல, அந்த மாதிரி."

இது டோரியாவுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும், "அந்த அக்கா போயிட்டா லாபம் திரும்பி வந்துடுமா?" என்று கேட்டுவைத்தாள்.

ஏழுக்கு ஒரு வழி தாவீதுக்கே தோன்றியது. அன்று, திங்கட்கிழமைக்கு, ஒரு காயை வைத்து, பிறகு தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றாகச் சேர்த்தான். "ஏழாவது காய் வெச்சா நைனாக்கு லீவு. அன்னிக்கு ஊட்லதான்." குழந்தைக்கு அந்த எண் அத்தனை எண்ணிலும் உசத்தியாகிவிட்டது.

கஷ்டப்பட்டது தாவீதுதான். வீட்டில் ஒண்ணு ஒண்ணு என்று ஜெபம் மாதிரி சொல்லிச் சொல்லி, மில்லில் ஒருநாள் பொதட்டூர்பேட்டை வியாபாரி வந்து நிற்கும்போது மரக்காலைக் கவிழ்த்துக்கொண்டே, "ஒண்ணு" என்று நீட்டிவிட்டான்.

வியாபாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துளசிராமன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"தாவீது. கொட்டு."

கொட்டினான். லாபம் சொல்லி மறுபடி ஆரம்பித்தான். ஆறு வரைக்கும் சரியாகப் போயிற்று. அடுத்த மரக்காலில் தெளிவாக, ராகத்தோடு, "ஏழு" என்றான்.

துளசிராமன் தெலுங்கில் கொஞ்சநேரம் பேசினார். பிறகு, "உனக்கு இன்னாய்யா ஆச்சு, உடம்பு சரியில்லியா?" என்றார்.

தாவீது தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னான். டீச்சர் கேட்டது, ஏழு கிளிஞ்சல், எல்லாம். கேட்கக் கேட்க முதலாளியின் கோபம் இறங்கியது. தம்முடைய மில்லில் ஏழு ஆகாது என்று சொன்னது ஒரு குழந்தைக்குப் போய் வினையாகும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. வியாபாரியோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"செரி, ஒண்ணு பண்ணு" என்றார் துளசிராமன். ஒண்ணு என்று தாமே சொல்லிவிட்டதை உணர்ந்து நெல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உன் பொண்ணு பாஸாவற வரைக்கும் மரக்காலத் தொடாத. மூட்டை தச்சிக்கினு இரு. நீ எண்ணவே வாணாம்."

அன்று வீட்டுக்கு வந்து, "உன் பொண்ணால என் உத்தியோகம் போச்சு, இப்ப நான் கோணி ஊசி" என்று தாவீது சொன்னபோது சாராள் சிரித்த சிரிப்பில் கூழ் அடி பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர்களுக்குக் கவலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இவ்வளவு சிரித்ததும் அந்த வாரத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள். சாராளுக்குக் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. இன்றைக்கும் தவறினால் களம் போயிற்று. அதைவிட, பெண்ணின் வாய் மறுபடியும் அப்படிக் கோணுவதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கிரேஸ் டீச்சர் அதே தட்டை எடுத்து வைத்தாள்.

"விக்டோரியா, எனக்கு ஒண்ணு குடு."

டோரியா தட்டைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். தட்டைச் சுற்றி விரலை ஓட்டினாள். நல்லதாக ஒரு கிளிஞ்சலைத் தேடி எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, டீச்சர் உள்ளங்கையில் வைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏழு குடு."

சத்தமாக எண்ணி வைத்தாள். ஏழாவதை வைத்ததும், "இன்னிக்கி நைனாக்கு லீவு" என்றாள்.

"போன வாரம் மட்டும் என்ன ஆச்சு?" என்று டீச்சர் கேட்டாள். சாராள் வெட்கத்தோடு மில் வழக்கத்தைச் சொன்னாள். முதல் மரக்காலுக்கு என்ன பேர், ஆறுக்குப் பிறகு என்ன வரும் என்றெல்லாம் சொல்ல, டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தாவீதை அந்த ராகத்தில் சொல்லிக்காட்டச் சொன்னாள். சர்ச்சு பக்கத்து அறையில் அவன் கூச்சத்தோடு லாபத்தில் ஆரம்பித்துப் பத்துவரை பாடினான்.

"அப்ப அன்னைக்கு நான் கேட்டத இவ சரியாத்தான் குடுத்திருக்கா" என்று டீச்சர் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "அந்த எடம் இவளுக்குத்தான் அக்கா. ஆனி முதல் நாள் கூட்டிட்டு வந்துடுங்க."

சாராளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அழுதாள், வெட்கப்படவில்லை.

ஆனி முதல் நாள் வெயில் காலையிலேயே சுள்ளென்று இருந்தது. நெல் நன்றாகக் காயும். குப்பம்மாளின் தங்கை மகளிடம் முன்தினமே சொல்லியாகிவிட்டது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றாள். சாராள் பெண்ணுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, கூழ் தூக்கைக் கையில் கொடுத்து அழைத்துப்போனாள். அறை வாசலில் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். ஒன்றிரண்டு அழுதுகொண்டிருந்தன. டோரியா அழவில்லை. போய் எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டாள்.

சாராள் சவுக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். உடனே போய்விட வேண்டும், களத்தில் நெல் பரப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நின்றாள். கிரேஸ் டீச்சர் வெளியே வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி உள்ளே அனுப்ப ஆரம்பித்தாள். முதல் தலையில் கை வைத்தாள்.

"லாபம்" என்றாள்.

டோரியா நிமிர்ந்து பார்த்தாள். மற்றக் குழந்தைகளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று டீச்சரின் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். டீச்சர் குனிந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் டீச்சர்" என்றாள் டோரியா மெல்ல. "லாபம் மில்லுல கீது."

கிரேஸ் டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.